கடைசிப் பத்து நிமிடமும் ஆறாம் நம்பரும்

எங்கள் ஹாக்கி அணியின் ஆறாம் நம்பர் பிள்ளை, ஸ்டிக்கிலிருந்து வலது கையை எடுத்து, தொடையின் பின்பக்கம் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்டிக்கைப் பிடித்தாள். இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் அவளை வெளியே கூப்பிடவில்லை.

ஊட்டியில் நடந்த வருவாய் மாவட்டப் போட்டியின் அரையிறுதி அது. 3-1 என்று நாங்கள் முன்னிலையில் இருந்தோம். எட்டு நிமிடம் பாக்கி. அன்று மதியமே இறுதி ஆட்டம். ஒன்பது நாள் கழித்து அவளுக்கு மாநில அணித் தேர்வு. இந்த நான்கு விஷயமும் எனக்குத் தெரியும். தெரிந்தே விளையாட விட்டேன். அதற்கு நான் கொடுத்த விலையைவிட அவள் கொடுத்த விலை அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன். மலையில் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித் தருகிறவர்களில் யாராவது ஒருவர் அந்த இரண்டு விநாடியில் வேறு முடிவு எடுத்தால் போதும்.

நான் ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு முந்தைய வருடத்தைச் சொல்ல வேண்டும். அப்போதும் அவள்தான் எங்கள் சென்டர் ஹாஃப், நடுக்களத்தின் மையத்தில் ஆடுகிறவள். 1-0 என்று முன்னிலை, ஐந்து நிமிடம் பாக்கி. நன்றாகக் களைத்துப் போயிருந்தாள். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகலாம் என்பதால் நிம்மதியாக வெளியே எடுத்தேன். அடுத்த நிமிடமே எதிரணிக்குப் பெனால்டி கார்னர்: கோலுக்குப் பக்கத்துக் கோட்டிலிருந்து தள்ளிவிடும் பந்தை நிறுத்திக் கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு. அங்கேதான் சிக்கினேன். பெனால்டி கார்னர் கொடுத்தாயிற்று என்றால் அது முடியும்வரை ஆள் மாற்ற முடியாது. தடுக்கிற அணியின் கோல் கீப்பருக்கு அடிபட்டாலோ, அட்டை வாங்கி அவர் வெளியேறினாலோ மட்டும்தான் விலக்கு. எங்கள் முதல் ரன்னர், அதாவது அடிக்கிறவரை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுகிறவள், அவள்தான். மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றபடி, வேறொரு பிள்ளை அரை விநாடி தாமதமாக ஓடுவதைப் பார்த்தாள். கோல். மூன்று நிமிடத்தில் இன்னொன்று. 2-1 என்று தோற்றுத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளைகூடப் பாடவில்லை.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது தப்பான பாடம். ‘இனி இவளைக் கடைசியில் வெளியே எடுக்கவே கூடாது’ என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஒரு தோல்வி சொல்லித் தருவதை அப்படியே நம்பினால் அடுத்த வருடம் அதற்கு நேர் எதிரான பள்ளத்தில் விழுவோம். நான் விழுந்தேன்.

அந்த அரையிறுதியில் நான்கு நிமிடம் இருக்கும்போது ஒரு பந்து பக்கக் கோட்டைத் தாண்டப் போய்க்கொண்டிருந்தது. விட்டிருக்கலாம். இரண்டு கோல் முன்னிலை, வெளியே போனாலும் ஒன்றுமில்லை. ஆனால் அவள் அதை விடுகிற பிள்ளை இல்லை. குனிந்தபடியே முழு வேகத்தில் ஓடினாள். பாதியில் யாரோ பின்னாலிருந்து கல்லெறிந்ததுபோல் நின்று, தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தசை கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். மதியம் இறுதி ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினோம். அதைக்கூட நான் மறந்துவிடுவேன்.

மறக்க முடியாதது அன்று சாயங்காலம். அவள் வீடு தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. ரோட்டிலிருந்து மேலே கல்படி ஏற வேண்டும். அவள் அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் கீழே வந்து நின்றார். நானும் ஒரு பையனும் இரண்டு பக்கமும் தாங்க, அவள் ஒரு காலால் தத்தித் தத்தி ஏறினாள். நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். அம்மா என்னைத் திட்டவில்லை. “டீச்சர், தண்ணி தூக்கறது இவதான். ஆறு வாரம் நான் பார்த்துக்கறேன். அந்த செலக்‌ஷன் தள்ளி வைக்க மாட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். தள்ளி வைக்க மாட்டார்கள். மாநில அளவில் ஆடிய சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம், விளையாட்டு விடுதியில் சேரலாம். அந்தக் குடும்பத்துக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு கோல் முன்னிலையில், தேவையே இல்லாத நான்கு நிமிடத்துக்காக அதை நான் பணயம் வைத்தேன். துணிந்து முடிவெடுத்தவள் நான், இழந்தவள் அவள்.

அந்தக் கல்படியில் உட்கார்ந்திருந்தபோது முடிவு செய்தேன்: கடைசி நிமிடங்களின் முடிவைக் கடைசி நிமிடங்களில் எடுக்கக் கூடாது. ஸ்கோர் போர்டும் பெற்றோரின் சத்தமும் எதிரணிக் கோச்சின் முகமும் கண்முன் இருக்கும்போது என் புத்தி சரியாக வேலை செய்வதில்லை. அதனால் இப்போது ஆட்டத்துக்கு முந்தைய நாள் ராத்திரியே ஒரு துண்டுத் தாளில் எழுதிவிடுகிறேன். பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு கோல் முன்னிலை என்றால் யார் வெளியே, சமநிலை என்றால் யார், ஒரு கோல் பின்தங்கினால் யார். மூன்றே வரி. மறுநாள் ஆட்டம் இருக்கிறதா, அந்த மாதத்தில் யாருக்குத் தேர்வு இருக்கிறது என்பதும் ஓரத்தில் இருக்கும். எழுதியதை அந்தப் பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தோழிகள் முன்னால் திடீரென்று வெளியே வரச் சொன்னால் அவளுக்கு அது தண்டனை. முந்தைய நாளே தெரிந்திருந்தால் அது திட்டம்.

பெரிய அணிகளிலும் இதே கதைதான் நடக்கிறது. 2023 ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பையில், ஒடிசாவில், இங்கிலாந்துடனான இந்தியாவின் ஆட்டம் 0-0. அதன் கடைசிக் கால்பகுதியில் ஹர்திக் சிங்குக்குத் தொடையின் பின்தசையில் அடி. அந்தத் தொடரில் அவர் அதன்பிறகு ஆடவே இல்லை. நடுக்களத்தில் பந்தை முன்னே கொண்டுபோகிறவர் அவர். காலிறுதிக்குள் நுழைவதற்காக நியூசிலாந்துக்கு எதிராக ஆடிய கிராஸ் ஓவர் ஆட்டத்தில் இந்தியா 3-1 என்று முன்னிலையில் இருந்து, 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் வெளியேறியது. அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அவரை ஆடவிட்டது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. ஓர் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் நடப்பது அந்த ஆட்டத்தோடு முடிவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த உதாரணத்தைத்தான் எடுக்கிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். கிரேட் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் 17-வது நிமிடத்தில் இந்தியாவின் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். 1-1 என்று தாக்குப்பிடித்து ஷூட் அவுட்டில் ஜெயித்தார்கள். ஆனால் தடையால் அவர் அரையிறுதியில் இல்லை. ஜெர்மனியிடம் 2-3. அவர் வெறும் தடுப்பாட்டக்காரர் இல்லை, பெனால்டி கார்னரில் முதலில் பாய்கிற ரன்னர். இப்படி ஒரே ஆள் இரண்டு மூன்று வேலை செய்யும்போது அவர் இல்லாத நாளில் அத்தனை ஓட்டையும் ஒன்றாகத் திறக்கும். எங்கள் ஆறாம் நம்பரும் அப்படித்தான் இருந்தாள். அவளை அப்படி ஆக்கியது நான்.

ஆகவே முதலில் மாற்றியது பெனால்டி கார்னர் ஏற்பாட்டைத்தான். எங்கள் அணியின் மிகச் சிறந்த பிள்ளை இப்போது முதல் ரன்னராக ஓடுவதில்லை. கோல் கோட்டிலிருந்து, கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் அரைவட்டமான டி-யின் முனைவரை கிட்டத்தட்ட 15 மீட்டர். 160 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அங்கிருந்து அடிக்கப்படும்போது அதை நோக்கியே ஓடுகிற வேலை அது. அதற்கு வேகமும் தைரியமும் வேண்டும், பந்தாட்டத் திறமை அவ்வளவு வேண்டாம். எங்கள் பள்ளியில் நூறு மீட்டர் ஓடுகிற இரண்டு பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். மாஸ்க், கையுறை, முழங்கால் காப்பு இல்லாமல் பயிற்சியில்கூட யாரும் ஓடக் கூடாது. நமக்குக் கிடைக்கிற பெனால்டி கார்னரிலும் ஒரே ஆளை நம்புவதில்லை. பந்தை உள்ளே தள்ளுகிறவர், நிறுத்துகிறவர், அடிக்கிறவர் என ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர். இதைச் செய்த பிறகுதான் நல்ல பிள்ளையைப் பயமில்லாமல் வெளியே எடுக்க என்னால் முடிந்தது. கடைசி நிமிடத்தில் துணிச்சலாக ஆள் மாற்றும் கோச்சுகள் அதற்கான பயிற்சியை ஜூன் மாதத்திலேயே முடித்திருப்பார்கள்.

கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும் என்பதில்லை. இடத்தை மாற்றினாலும் பாதி வேலை முடிகிறது. சென்டர் ஹாஃப் மைதானம் முழுக்க ஓட வேண்டும். முன்னிலையில் இருக்கும்போது அதே பிள்ளையை முன்வரிசையில் ஓரமாக நிறுத்தி, பந்து வந்தால் எதிரணியின் மூலைக்குக் கொண்டுபோய் உடம்பால் மறைத்து வைத்திரு என்று சொன்னால், ஓட்டமும் குறையும், நேரமும் போகும், எதிரணிக்குப் பந்தும் கிடைக்காது. 3-1 அன்று இதைச் செய்திருந்தால்கூடப் போதும்.

அட்டையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கால் களைத்தவுடன் முதலில் தாமதமாவது டாக்கிள், எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது. கால் போக வேண்டிய இடத்துக்கு ஸ்டிக் மட்டும் போகும். பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் வெளியே. கடைசி ஆறு நிமிடத்தில் மஞ்சள் வாங்கினால் ஆட்டமே முடிந்த மாதிரி, அந்த நேரம் முழுக்கப் பத்துப் பேர்தான். நாமே இரண்டு நிமிடம் உட்கார வைத்தால் அந்த இடத்தில் வேறு ஒருத்தி ஆடுவாள். நடுவர் உட்கார வைத்தால் அந்த இடம் காலி.

இனி மலைக்கு மட்டும் உரிய சங்கதி. சமவெளிக் கோச்சுகளோடு பேசும்போது அவர்கள் பெஞ்சை ஓய்வு என்கிறார்கள். மதுரையில் அது ஓய்வுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். செப்டம்பர் மாதச் சாரலில், வேர்த்த சட்டையோடு ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்தால் தசை விறைத்துவிடும். அந்தக் காலோடு எழுந்து நேரே ஓடினால் உட்கார வைத்ததே வினையாகும். எங்களிடம் இப்போது ஒரு பழைய கம்பளி இருக்கிறது. வெளியே வருகிற பிள்ளை ஸ்வெட்டரை மாட்டி, இடுப்பில் கம்பளியைச் சுற்றி, கொஞ்சம் வெந்நீர் குடித்துவிட்டு, கோட்டுக்கு வெளியே மெல்ல நடந்துகொண்டே இருக்க வேண்டும். உட்காரக் கூடாது. மூன்று நிமிடத்துக்குள் திருப்பி அனுப்புவேன். அனுப்பும் முன் இரண்டு சிறிய ஓட்டம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அனுப்புவதில்லை. ஆட்டம் முடியும்வரை ஃபிளாஸ்க்கையும் வர்க்கியையும் பிரிக்காமல் வைத்திருப்போம். சாப்பிட உட்கார்ந்தால் உடம்பு ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்தது மூடுபனி. மூன்று மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தால் மறுபக்கத்து டி எனக்குத் தெரியாது. பந்து அடிபடும் சத்தம் மட்டும் கேட்கும். நடுவர் ஆட்டத்தை நிறுத்தும் அளவுக்கு இல்லாத, ஆனால் ஒரு பிள்ளை நொண்டுவதை மறைக்கும் அளவுக்கு இருக்கிற பனி உண்டு. அதனால் எங்கள் கோல் கீப்பர்தான் எனக்குக் கண். மைதானம் முழுவதையும் பின்னாலிருந்து பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். யாராவது தொடையைத் தொட்டாலோ, திரும்பும்போது ஒரு காலை இழுத்தாலோ அவள் நம்பரை இரண்டு முறை கத்த வேண்டும். “ஆறு! ஆறு!” என்றால் நான் ஆள் மாற்றத் தயாராகிவிடுவேன். இதைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க ஒரு வருடம் ஆனது.

ஏனென்றால் பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை. “முடியுமாம்மா?” என்றால் “ஓகே மிஸ்” என்றுதான் வரும். எலும்பு முறிந்திருந்தாலும் அதுதான் பதில். பதினாறு வயது, தோழிகள் பார்க்கிறார்கள், அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். வேறு என்ன சொல்வாள்? நான் இப்போது கேட்பதில்லை, செய்யச் சொல்கிறேன். வலிக்கிற காலில் மட்டும் நின்று மூன்று முறை குதி. குதிகாலைப் பின்பக்கம் மடக்கி உட்காருகிற இடத்தைத் தொடு. பத்து அடி பின்னோக்கி ஓடு. செய்யும்போது காலைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். கண் ஒரு கணம் சுருங்கினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தலையில் அடி என்றால் இந்தச் சோதனைகூடக் கிடையாது. நேராக வெளியே, அன்று திரும்ப உள்ளே இல்லை, இறுதி ஆட்டமாக இருந்தாலும்.

களைப்பும் வலியும் ஒன்றில்லை என்பதைக் கோச்சுகளான நாங்களே குழப்பிக்கொள்கிறோம். களைப்புக்கு நான் இன்றும் துணிந்து ரிஸ்க் எடுப்பேன். சமநிலையில், கடைசி ஐந்து நிமிடத்தில், மூச்சு வாங்குகிற என் நல்ல பிள்ளையைத் திரும்ப உள்ளே அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கல ஆட்டத்தில், இந்தியா 5-4 என்று முன்னிலையில் இருக்கும்போது ஜெர்மனிக்குக் கடைசி விநாடிகளில் பெனால்டி கார்னர் கிடைத்தது. நம் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார், 41 வருடம் கழித்துப் பதக்கம் வந்தது. அந்த நேரத்தில் களத்தில் இருந்த ஒவ்வொருவரும் களைத்துத்தான் இருந்திருப்பார்கள். அதற்குத்தான் பயிற்சி. வலி வேறு. வலியோடு ஆடி ஜெயித்த கதைகளை நாம் பிள்ளைகளுக்கு நிறையச் சொல்கிறோம். வலியோடு ஆடி அதோடு ஹாக்கியை விட்டவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை, அவர்கள் மைதானத்துக்கு வருவதில்லை என்பதால்.

ஆறாம் நம்பர் அந்த வருடத் தேர்வுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் போனாள், எடுபடவில்லை. கோவையில் ஒரு கல்லூரியில் சாதாரண ஒதுக்கீட்டில் சேர்ந்து படித்தாள். லீவில் வந்தால் எங்கள் பிள்ளைகளோடு ஆடுவாள். குளிரில் இன்னமும் அந்தத் தொடையைத் தேய்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

போன வருடம் ஓர் இறுதி ஆட்டம். 0-1 என்று பின்தங்கியிருந்தோம், ஏழு நிமிடம் பாக்கி. இப்போதைய எங்கள் சிறந்த பிள்ளை ஒன்பதாம் நம்பர் ஃபார்வர்ட். பனிக்குள்ளிருந்து “ஒன்பது! ஒன்பது!” என்று கீப்பரின் குரல் கேட்டது. வெளியே எடுத்தேன். ஒரு காலில் குதிக்கச் சொன்னேன். இரண்டாவது குதியிலேயே கண் சுருங்கியது. கம்பளியைச் சுற்றிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மிஸ், ரெண்டே நிமிஷம் மிஸ், ஒரு கார்னர் வாங்கிட்டு வந்துடறேன் மிஸ்” என்று அழுதாள். பின்னால் பெற்றோர் சிலர் “அந்தப் பொண்ணை எறக்குங்க டீச்சர்” என்று சத்தம் போட்டார்கள். பையில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு கோல் பின்தங்கினால் என்ற வரியில், ‘ஒன்பது உள்ளே, வலி இருந்தால் இல்லை’ என்று முந்தைய ராத்திரி நானே எழுதியிருந்தேன்.

0-1 என்றே முடிந்தது. ஒன்பதாம் நம்பர் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. வகுப்புக்கு வருவாள், மைதானத்தின் ஓரமாக நடந்துபோவாள், என் பக்கம் திரும்ப மாட்டாள். மூன்றாவது வாரம் ஒரு காலையில், பயிற்சி தொடங்கும் முன்பே வந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி, மூன்று முறை குதித்துக் காட்டினாள்.